துப்புக் கொடுத்தவருக்குத் தண்டனையா?

2021 நவம்பர். பிரிட்டோரியா வட்டாரத்தில் கொரோனா பரிசோதனை செய்துவந்த தனியார் ஆய்வகம் ஒன்றில் பிசிஆர் முடிவுகள் வழக்கத்துக்கு மாறாக வந்தன. அவர்களுடைய பரிசோதனை வைரஸின் மூன்று மரபணுக்களைத் தேடும். அப்போது அங்கே பரவியிருந்த டெல்டா என்றால் மூன்றும் சிக்கும். புதிய மாதிரிகளில் இரண்டு சிக்கின. ‘எஸ்’ மரபணு மட்டும் சிக்கவில்லை. வைரஸ் உருமாறிவிட்டதோ என்ற சந்தேகம் அங்கிருந்துதான் கிளம்பியது.

மாதிரிகளின் மரபணு வரிசையை முழுவதுமாகப் படித்தார்கள். பக்கத்து நாடான போட்ஸ்வானாவிலும் அதே வைரஸ் தென்பட்டிருந்தது. வரிசைகள், உலக நாடுகள் பகிர்ந்துகொள்ளும் ‘கிசெய்ட்’ தரவுத்தளத்தில் ஏறின. நவம்பர் 25 அன்று தென்னாப்பிரிக்க விஞ்ஞானி துலியோ டி ஒலிவேரா விஷயத்தைப் பகிரங்கமாக அறிவித்தார். மறுநாள் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ‘ஒமைக்ரான்’ என்று பெயர் வைத்தது.

கைம்மாறு உடனே கிடைத்தது. தெற்கு ஆப்பிரிக்காவின் ஆறு நாடுகளிலிருந்து வரும் விமானங்களை நிறுத்துவதாக பிரிட்டன் நவம்பர் 25 இரவே அறிவித்தது. மற்ற பணக்கார நாடுகளும் வரிசையாகக் கதவடைத்தன. நெதர்லாந்தில் நவம்பர் 19 அன்றே எடுத்த மாதிரியில் ஒமைக்ரான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. விமானங்கள் நின்றதால் ஆய்வக ரசாயனங்கள் வந்து சேருமா என்று டி ஒலிவேரா கவலைப்பட வேண்டியிருந்தது.

பகிர்வதால் என்ன லாபம் என்று 2020 ஜனவரியே காட்டிவிட்டது. ஷாங்காய் விஞ்ஞானி ஜாங் யோங்ஜென் குழு கண்டறிந்த கொரோனா வரிசையை, சிட்னியின் எட்வர்ட் ஹோம்ஸ் ஜனவரி 11 அன்று இணையத்தில் வெளியிட்டார். சுமார் 30,000 எழுத்துகள். இரண்டே நாளில் பெர்லின் குழுவின் பிசிஆர் முறை வெளியானது. மாடர்னா தன் தடுப்பூசியின் வடிவத்தை முடிவு செய்தது. மார்ச் 16 அன்று முதல் தன்னார்வலருக்கு ஊசி போடப்பட்டது. ஜாங்கின் ஆய்வகத்துக்கோ, வரிசை வெளியான மறுநாளே ‘சீர்திருத்தத்துக்காக’ மூட உத்தரவு வந்தது.

பகிர்ந்தவருக்குப் பலன் இல்லை என்ற மனத்தாங்கல் பழையது. 2007-இல் இந்தோனேசிய சுகாதார அமைச்சர் சித்தி ஃபாடிலா சுபாரி, பறவைக் காய்ச்சல் மாதிரிகளை அனுப்ப மறுத்தார். எங்கள் வைரஸைக் கொண்டு தடுப்பூசி செய்வீர்கள், அதை வாங்க எங்களிடம் பணம் இருக்காது என்பது அவர் வாதம். அதன் விளைவாக 2011-இல் ஒரு பகிர்வு ஏற்பாடு உருவானது. ஆனால் அது இன்ஃப்ளூயன்ஸாவுக்கு மட்டும்.

2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தம் அதை விரிவாக்க முயல்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில், இதில் சேரும் நிறுவனங்கள் தடுப்பூசி, மருந்து உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும். அதில் பாதியாவது இலவசம். ஆனால் யார் எதைக் கொடுத்து எதைப் பெறுவது என்ற விவரங்களைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டார்கள். அது நிறைவேறினால்தான் ஒப்பந்தமே கையெழுத்துக்கு வரும்.

இழுபறி அங்கேதான் இருக்கிறது. வரிசையைப் பதிவேற்ற இணைய இணைப்பு போதும். ஆனால் ஓர் அரசு தயங்காமல் அதற்கு அனுமதி தர வேண்டுமென்றால், சொன்ன நாட்டைத் தனிமைப்படுத்த மாட்டோம், மருந்து வந்தால் அதற்கும் பங்கு உண்டு என்ற இரண்டு உறுதிமொழிகள் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த கிருமியைக் கண்டுபிடிக்கும் நாடு, வாயைத் திறப்பதற்கு முன் லாப நஷ்டக் கணக்குப் போடும். அதைக் குறை சொல்ல நமக்கு வாயிருக்காது.