தேய்ந்துகொண்டே தட்டையாக இருப்பது

பம்பின் சுழல்தண்டு வழியே நீர் கசியாமல் காப்பது மெக்கானிக்கல் சீல். சுழலும் வளையம் ஒன்று, அசையாத வளையம் ஒன்று. இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டி உரசியபடி இருக்கும். அந்த முகங்களின் மேடுபள்ளம் வழக்கமாக ஒரு மைக்ரானுக்குள் அடங்கியிருக்க வேண்டும்.

இவற்றைத் தேய்த்துத் தருவது லேப்பிங் மெஷின். வார்ப்பிரும்புத் தட்டு ஒன்று மெதுவாகச் சுழலும். அதன்மேல் எண்ணெயில் குழைத்த உராய்வுப்பொடி சொட்டும். வேலைப்பொருளுக்கும் தட்டுக்கும் நடுவே உருளும் பொடிதான் உலோகத்தைச் சுரண்டுகிறது. ஆனால் பொடிக்கு ஆள்பேதம் தெரியாதே! தட்டும் சேர்ந்தே தேயும். நாள்பட்ட அம்மிபோல் குழி விழுந்த தட்டில் எதைத் தேய்த்தாலும் நடு மேடாகத்தான் வரும். குழியும் மேடும் கச்சிதமாகப் பொருந்திக்கொள்வதால் குறை வெளியே தெரியாது.

இந்த ஏமாற்றை நன்கறிந்தவர் இங்கிலாந்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த். மூன்று தட்டுகளை மாற்றி மாற்றி ஜோடி சேர்த்துப் பார்க்கும் முறையைக் கையாண்டவர். குழிக்கு மேடு பொருந்தலாம். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமானால் எல்லாமே தட்டையாக இருந்தாக வேண்டும். 1840-இல் கிளாஸ்கோவில் படித்த கட்டுரையில், பொடி போட்டுத் தேய்ப்பதே கூடாது, சுரண்டித்தான் சமன்செய்ய வேண்டும் என்று வாதாடினார். பொடி ஓரங்களில் அதிகம் சேர்ந்து ஓரத்தையே அதிகம் தின்னும் என்பது அவர் புகார். நியாயமான புகார்தான்.

இன்றைய மெஷினில் தட்டின்மேல் மூன்று நான்கு கனத்த வளையங்கள் உட்கார்ந்திருக்கும். வேலைப்பொருள்கள் அவற்றுக்குள் கிடக்கும். தட்டின் வெளிப்பக்கம் உட்பக்கத்தைவிட வேகமாக ஓடுவதால் வளையங்களும் தாமாகச் சுழலும், பொடியைப் பரப்பும், தட்டினைத் தேய்க்கவும் செய்யும். தட்டு நடுவில் குழிந்திருந்தால் வளையங்களைச் சற்று வெளியே தள்ளி வைப்பார்கள். விளிம்பு கூடுதலாகத் தேய்ந்து குழி மறையும். நடு மேடானால் உள்ளே தள்ள வேண்டும். தேய்மானத்தையே கருவியாக்கிக்கொண்ட இந்தத் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது.

சூடும் ஒரு எதிரி. உராய்வில் மேற்பக்கம் சூடேறி அடிப்பக்கம் குளிர்ந்தே இருந்தால் தட்டின் நடு எழும்பிவிடும். அதனால் பல மெஷின்களில் தட்டுக்கடியில் குளிர்நீர் ஓடும்.

தட்டின் நிலையை அறிய எளிய வழி, அதில் தேய்த்த துண்டையே பார்ப்பது. துண்டைச் சற்றுப் பளபளப்பாக்கி, மேலே ஆப்டிகல் ஃபிளாட் கண்ணாடியை வைத்து, ஹீலியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் பார்த்தால் கறுப்புக் கோடுகள் தெரியும். அடுத்தடுத்த கோடுகளுக்கிடையே உயர வேறுபாடு சுமார் 0.29 மைக்ரான். கோடுகள் நேராக, சம இடைவெளியில் இருந்தால் துண்டு தட்டை. வளைந்தால் வளைவின் அளவைக் கணக்கிட்டு, துண்டு மேடா குழியா என்று பார்த்து, வளையங்களை எந்தப் பக்கம் நகர்த்துவதென்று முடிவுசெய்வார்கள்.