குளியலறை கீசர்: தாமே செய்யும் ஒயரிங்கின் ஆபத்துகள்

வீட்டுச் சாதனங்களில் தண்ணீரையும் மின்சாரத்தையும் மனித உடலையும் மிக நெருக்கமாகக் கொண்டுவருவது, ஷவருக்கு வெந்நீர் தரும் கீசர். டெல்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவு வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. அப்போது கீசர் இல்லாமல் குளிப்பது கடினம். தெற்கு டெல்லியின் ஆர்.கே.புரம் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. தமிழ்க் குடும்பங்களும் இங்கே ஏராளம். இடமாற்றத்தில் வருவோர் தங்கள் கீசரைக் கொண்டுவந்து மாட்டுவதும், போகும்போது கழற்றிச் செல்வதும் உண்டு. ஒவ்வொரு முறையும் பழைய ஒயரிங் பிரிக்கப்பட்டு மறுபடி முறுக்கப்படுகிறது. அதில் நேரும் பிழையை கீசர் காட்டிக்கொடுக்காது. எர்த் இல்லாத கீசரிலும் தண்ணீர் சூடாகவே செய்யும். வெந்நீர் வருவது ஒயரிங் சரியாக இருப்பதற்குச் சான்று ஆகாது.

ஈரத் தோலும் மின்சாரமும்

மின்சாரத்தை ஓரளவு தடுத்து நிறுத்துவது காய்ந்த தோல். நனைந்ததும் அந்தத் தடை பெருமளவு குறைந்து, உடலின் மொத்த மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230 வோல்ட் வீட்டு மின்சாரம் அத்தகைய உடல் வழியே பாய்ந்தால் ஓட்டம் 230 மில்லி ஆம்பியர் வரை போகும்.

அரை மில்லி ஆம்பியர் அளவிலேயே உடல் மின்சாரத்தை உணரத் தொடங்கும். சுமார் 10 மில்லி ஆம்பியரில் கைத்தசைகள் இறுகிக்கொள்ளும். பிடித்த குழாயை விட நினைத்தாலும் விட முடியாது. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போது மூச்சுத் தசைகள் முடங்கக்கூடும். இதயத்தின் கீழறைகள் ஒழுங்கற்றுத் துடித்து, ரத்த ஓட்டமே நின்றுபோகும் அபாயமும் ஏறும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று உலோகக் குழாயைத் தொடுபவருக்கு மின்சாரம் கையில் நுழைந்து மார்பைக் கடந்து காலில் இறங்குகிறது. இதயம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 10,000-க்கும் மேற்பட்டோர் இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டறிக்கைகள் பதிவு செய்கின்றன.

எர்த் இணைப்பில் நேரும் பிழைகள்

கீசரின் உள்ளே உலோகக் குழாய் ஒன்றில் சூடாக்கும் சுருள் இருக்கும். சுருளுக்கும் குழாய்க்கும் இடையே மக்னீசியம் ஆக்சைடு தூள் மின்காப்பாக அடைக்கப்பட்டிருக்கும். கடின நீரின் உப்பு குழாயின் மேல் படிந்து, வெப்பம் வெளியேற வழியின்றி, நாளடைவில் குழாய் வெடிப்பு விடும். தண்ணீர் உள்ளே புகுந்ததும் கசியும் மின்சாரம் தொட்டியின் உலோக உடலுக்கும் குழாய் நீருக்கும் பரவுகிறது. எர்த் கம்பி சரியாக இருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே இறங்கிவிடும். இல்லையேல், அடுத்து ஷவரைத் திறப்பவரின் உடலே அதற்கு வழியாகிறது.

தாமே செய்யும் ஒயரிங்கில் மூன்று தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெறுமனே விட்டுவிடுவது. இரண்டாவது, எர்த் கிடைக்காத இடத்தில் எர்த் முள்ளையும் நியூட்ரலையும் சிறு கம்பியால் இணைத்துவிடுவது. எங்கோ ஓரிடத்தில் நியூட்ரல் அறுந்தால், கருவியின் வழியே வரும் ஃபேஸ் மின்னழுத்தம் அப்படியே கீசரின் உடலில் ஏறிவிடும். மூன்றாவது, எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றுவது. பழைய இரும்புக் குழாயின் நடுவே ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் போட்டாலே மண்ணோடு உள்ள தொடர்பு அறுந்துபோகும். அடுக்குக் குடியிருப்பில் அந்தக் கசிவு மேல், கீழ் வீட்டுக் குழாய்களுக்கும் போகலாம்.

இவற்றோடு நான்காவதாக ஒன்றும் உண்டு: ஃபேஸில் வரவேண்டிய சுவிட்சை நியூட்ரலில் போட்டுவிடுவது. சுவிட்சை அணைத்தால் கீசரின் விளக்கு அணையும். ஆனால் கீசரின் உள்ளே மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். நியான் விளக்கு கொண்ட டெஸ்டரால் ஃபேஸ் இருக்கிறதா என்று மட்டுமே அறியலாம். எர்த் பயன்படும் நிலையில் உள்ளதா என்பதை அது சொல்லாது. அதற்குக் கருவி கொண்டு அளக்க வேண்டும்.

சூடேறும் கம்பி

2 கிலோவாட் சேமிப்பு கீசர் 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் உடனடி கீசருக்கு 13 ஆம்பியர் தேவை. விளக்கு, ஃபேன் ஓடும் 6 ஆம்பியர் பாயிண்ட் இதைத் தாங்காது. ‘கன்வர்ஷன் பிளக்’ வைத்தோ எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாகவோ இணைத்தால் கம்பியும் பிளக்கும் மெல்ல மெல்லச் சூடேறும். வீட்டு ஒயரின் சாதாரண பிவிசி உறை 70 டிகிரி செல்சியஸ் வரைக்குமே ஏற்றது. அதைத் தாண்டித் தொடர்ந்து சூடேறினால் இறுகி வெடித்து, தீப்பிடிக்கவும் வழியாகும்.

பழைய கட்டடங்களில் அலுமினியக் கம்பி இருப்பது இன்னொரு சிக்கல். அதோடு புதிய செம்புக் கம்பியை முறுக்கி டேப் சுற்றினால், அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் உருவாகி இணைப்பு தளரும். தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடும், வெப்பம் கூடும், இணைப்பு மேலும் தளரும்.

எம்சிபி போதாது

வீட்டில் எம்சிபி இருக்கிறது என்ற துணிவில் பலர் ஒயரிங்கில் இறங்குகிறார்கள். ஓட்டம் அளவை மீறினால் மட்டுமே எம்சிபி விழும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு ஒருவரின் உயிரைப் பறிக்கும் 0.2 ஆம்பியர் கசிவு கணக்கிலேயே வராது. அதைக் கவனிப்பது ஆர்சிசிபி. ஃபேஸில் போகும் ஓட்டமும் நியூட்ரலில் திரும்பும் ஓட்டமும் சமமாக இல்லையென்றால் அது இணைப்பைத் துண்டிக்கும். உயிர்காக்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் வகை. கசிவு அந்த அளவை எட்டினால் 0.3 நொடிக்குள் துண்டிக்கும். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகள் தீ விபத்தைத் தடுக்க உதவுமே தவிர மனிதரைக் காக்கப் போதாது. மலேசியாவில் ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் வகை கோரப்படுகிறது.

எர்த் இருந்தால் ஆர்சிசிபி வேண்டாம், ஆர்சிசிபி இருந்தால் எர்த் வேண்டாம் என்ற இரண்டு எண்ணமும் தவறு. ஒருவர் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் ஆர்சிசிபியாலும் காக்க முடியாது.

யார் செய்ய வேண்டும்

மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வகுத்து 2023-இல் புதுப்பித்த பாதுகாப்பு விதிகளின்படி, மின் அமைப்பில் புதிய வேலை, மாற்றம், பழுதுபார்ப்பு எதுவானாலும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மின்சுற்றின் திறன் மாறாமல் மாற்றிக்கொள்ள மட்டும் விலக்கு உண்டு. கீசருக்கெனப் புதுப் பாயிண்ட் இழுப்பது இந்த விலக்கில் அடங்காது. அரசுக் குடியிருப்பில் மத்தியப் பொதுப்பணித் துறையின் சேவை மையத்தில் கோரிக்கை பதிவு செய்வதே முறை. இங்கிலாந்தில் 2005 முதல், ஷவருக்குப் புதிய மின்சுற்று அமைத்தால் முறைப்படி தெரிவித்துச் சான்று பெற வேண்டும்.

பாதுகாப்பான இணைப்பில் இருக்க வேண்டியவை

• மின்பலகையிலிருந்து கீசருக்கென்றே தனிச் சுற்று. பொதுவாக 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி
• எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இரண்டும்
• ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் 20 ஆம்பியர் டிபி சுவிட்ச், குளியலறைக்கு வெளியே
• அளந்து பார்த்துச் சரியென உறுதிசெய்த எர்த்
• கீசர், ஒயர், சுவிட்ச் அனைத்திலும் ஐஎஸ்ஐ முத்திரை
• ஷவர் நீர் தெறிக்கும் எல்லைக்குள் பிளக் பாயிண்ட் இல்லாமை

ஆர்சிசிபியின் ‘டெஸ்ட்’ பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாவிட்டால் கருவி பழுது, மாற்ற வேண்டும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

குழாயையோ ஷவர் தலையையோ தொடும்போது சுருக்கென்று உணர்வது, பிளக் பழுப்பேறுவது, கருகிய வாடை, சுவிட்சில் சடசடவென்ற ஓசை, ஆர்சிசிபி அடிக்கடி விழுவது ஆகியவை தெரிந்தால் கீசரின் மின்சுற்றை உடனே அணைத்துவிட வேண்டும். ஆர்சிசிபி விழுகிறதே என்று அதைத் தவிர்த்து நேரடியாக இணைப்பது ஆபத்தின் உச்சம்.

ஷாக் அடித்தால்

தாக்கப்பட்டவரை உடனே தொடக் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அது முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் பொருளாலோ தள்ளிவிடலாம். உதவிக்கு 112-ஐ அழைக்க வேண்டும். நினைவும் இயல்பான மூச்சும் இல்லையென்றால், நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது.

எழுந்து நடப்பவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தோலில் சிறு புள்ளியாகத் தெரியும் காயத்தின் கீழே தசை ஆழமாகக் கருகியிருக்கலாம். சிதைந்த தசையிலிருந்து வெளியாகும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறுவது அதன் அறிகுறி. இதயத் துடிப்பைக் காண இசிஜி எடுப்பதும் அவசியம். குறிப்பாக, மின்சாரத் தாக்குதலுக்கு ஆளான கர்ப்பிணிகளும், குழந்தைகளும், இதய நோயாளிகளும் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.