கீசருக்கு வைஃபை பிளக்

கீசருக்குப் பழைய, சுழலும் வகை டைமர் வைத்திருக்கிறீர்களா? தாம்பரம் பக்கம் ஒரு மணி நேரம் கரண்ட் போனால் அதன் கடிகாரமும் அவ்வளவு நேரம் நின்றுவிடும்; காலை 5.30 மணி வெந்நீர் 6.30க்குத்தான். வைஃபை பிளக், கரண்ட் வந்ததும் இணையத்தில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும்.

ஆனால் ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் கீசர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் என்றால் 13. விலை குறைவென்று 10 ஆம்பியர் பிளக்கை வாங்கினால் சூடேறி உருகலாம். 16 ஆம்பியரே சரி. குளியலறைக்கு வெளியே பொருத்துங்கள்.

15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுவர 2000 வாட்டில் 17 நிமிடம் போதும். 20 நிமிடம் வையுங்கள். கீசருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் கை வைக்காதீர்கள். கரண்ட் திரும்பும்போது பிளக் 'ஆஃப்' நிலையில் இருக்குமாறு ஆப்பில் அமைத்துவிடுங்கள்.