கண்ணகி மௌனமாக இருந்தவளா?



ரம்புக்கனைப் பகுதித் தோட்டமொன்றில், பால் வெட்டு முடிந்த ஒரு பின்னேரம் பெண்கள் குழுக் கூட்டம் நடைபெற்றது. வன்னியிலிருந்து திரும்பி, உறவினரின் லயத்தில் தங்கியிருக்கும் அக்கா ஒருவர் அன்று மனந்திறந்து பேசினார். யுத்தத்தில் காணாமற்போன கணவரைப் பற்றி விசாரிக்க அவர் அலுவலகங்களுக்குப் போய் வருகிறார். "பொம்பளை இப்படி அலையலாமா? கண்ணகி மாதிரிப் பொறுமையா வீட்டில இரு" என்று உறவினர்கள் ஏசுகிறார்களாம்.

"என்னை மாதவின்னு ஏசுறாங்க" என்றார் இன்னொருவர். யுத்தத்தில் கணவரை இழந்த அவர், மனைவியை இழந்த ஒருவரை மறுமணம் செய்தவர்.

இந்த இரு பெயர்களையும் நாம் சரியாக விளங்கிக்கொண்டுள்ளோமா? இளங்கோவடிகளின் சிலப்பதிகாரம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கணவன் பிரிந்திருந்த காலத்தில் கண்ணகி துயரைப் பொறுத்திருந்தது உண்மை. ஆனால் காமவேள் கோட்டத்தில் வழிபட்டால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி கூறியபோது, அது தனக்குப் பெருமையல்ல என மறுத்துவிட்டாள். மதுரையில் மாதரியின் வீட்டில், கோவலனின் நடத்தை சான்றோர் போற்றாதது என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாள்.

கோவலன் கள்வனெனக் கொல்லப்பட்டதும் அவள் வீட்டுக்குள் முடங்கவில்லை. கையில் ஒற்றைச் சிலம்புடன் பாண்டியனின் சபைக்குத் தனியே சென்றாள். தன் சிலம்பில் மாணிக்கம் என்று சொல்லி, கோவலனிடமிருந்து பறித்த சிலம்பை உடைத்துக் காட்டினாள். விசாரிக்காமல் கொடுத்த தண்டனை பிழையென்று சான்றுடன் நிரூபித்தாள். மதுரை எரிந்தபோதும் முதியோர், குழந்தைகள், பத்தினிப் பெண்கள், அறவோர் ஆகியோரைத் தீண்டாதே என்று தீக்குக் கட்டளையிட்டாள்.

மாதவி, குடும்பத்தைக் கெடுத்தவள் என்றே பேசப்படுகிறாள். அவளோ கணிகையர் குலத்தில் பிறந்த ஆடல் மகள். 1008 கழஞ்சு பொன் பெறுமதியான மாலையை வாங்குபவருக்கே அவள் உரியவள் என்றார்கள். விரும்பி வாங்கியவன் கோவலன். கடற்கரையில் அவள் பாடிய பாடலைத் தவறாக விளங்கிக்கொண்டு, சந்தேகப்பட்டுப் பிரிந்தவனும் அவனே. பின்னர் மாதவியின் கடிதத்தைக் கௌசிகன் கொண்டுவந்தபோது, தவறு அவளுடையதல்ல, தன்னுடையதே என்று கோவலன் ஒப்புக்கொண்டான். அவன் இறந்த செய்தி கேட்டு மாதவி பௌத்தத் துறவை ஏற்றாள். கோவலனே மன்னித்த பெண்ணை நாம் இன்றும் ஏசுவது எந்த வகையில் நியாயம்?

எமது நாட்டில் கண்ணகி தெய்வமாகவே வணங்கப்படுகிறாள். மட்டக்களப்பில் வைகாசி மாதத்தில் கண்ணகியம்மனுக்குக் குளிர்த்தி நடைபெறுகிறது. எமக்கு அருகிலுள்ள கண்டியில் பத்தினி தேவாலயம் இருக்கிறது. சிங்களப் பெண்களும் தம் பிள்ளைகளின் சுகத்துக்காகப் பத்தினித் தெய்வத்திடம் நேர்த்தி வைக்கிறார்கள். நீதி கேட்ட பெண்ணைத் தெய்வமாகக் கும்பிட்டுவிட்டு, நீதி கேட்கும் பெண்ணை அடங்கியிரு என்பது பொருந்துமா?

சகோதரிகளே, கண்ணகிக்குச் சிலம்பு இருந்தது போல உங்களிடமும் சான்றுகள் உண்டு. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, பழைய கடிதம், புகைப்படம் ஆகிய அனைத்தையும் ஒரே உறையில் இட்டு, மழை படாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அலுவலகத்தில் பிரதியை மட்டும் கொடுங்கள். மூலப் பத்திரத்தைக் கைவிடாதீர்கள்.

அடுத்த முறை யாராவது "கண்ணகி மாதிரி இரு" என்றால், தலைகுனிய வேண்டாம். "அப்படித்தான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.