பாட்டிலைக் கழட்டலாம், கேமைக் கழட்ட முடியாது

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. அசைன்மென்ட், பார்ட் டைம் வேலை, வழக்கமான புலம்பல்தான். இன்னைக்குக் கொஞ்சம் வித்தியாசமா ஒரு இஞ்சின் கதை. பொட்டி தட்டுற மக்கள் பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும். :-)

நான் இருக்கறது சிட்னி வென்ட்வொர்த்வில் பக்கம். பக்கத்து யூனிட்ல யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர். அவர்கிட்ட ஒரு ஹோல்டன் கொமடோர் இருக்கு, விடி இரண்டாம் சீரிஸ். 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 இஞ்சின். அதுல 100 குதிரைத்திறன் நைட்ரஸ் கிட் மாட்டி, ஈஸ்டர்ன் கிரீக்ல இருக்கற சிட்னி டிராக்வேயில கால் மைல் (402 மீட்டர்) ஓட்டறது அவரோட ஆசை. ஒரு ராத்திரி கேட்லாக்கோட வந்துட்டார்.

"தம்பி, நீர் எஞ்சினியரிங் படிக்கிறீர்தானே? இதில எந்தக் கேம் எடுக்கிறதெண்டு சொல்லும்."

ரெண்டு கேம்ஷாஃப்டைக் குறிச்சு வச்சிருந்தார். நான் ரெண்டு நிமிஷம்கூட யோசிக்கலை. "பெருசையே எடுங்கண்ணே. நிறைய மூச்சு இழுக்கும், நிறைய பவர் வரும்"னு சொல்லிட்டேன். மனுஷனும் நம்பிட்டார். ரெண்டு வருஷ ஓவர்டைம் காசு அது. கேம் மட்டும் வாங்கினா முடிஞ்சு போறதும் இல்லை. வால்வ் ஸ்பிரிங், புஷ்ராட், அப்புறம் இஞ்சின் கம்ப்யூட்டர் ட்யூனிங்னு வரிசையா செலவு நிக்கும்.

படுத்தா தூக்கம் வரலை. எழுந்து ஒரு பேப்பரை எடுத்தேன்.

கேம்னா என்ன?

இஞ்சினுக்குள்ள காத்து போகவும் புகை வெளியேறவும் வால்வுகள் இருக்கு. அதைத் தள்ளித் திறக்கறது கேம்ஷாஃப்ட்ல இருக்கற முட்டை வடிவ மேடுகள். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. மேடு வால்வை எவ்வளவு நேரம் திறந்து வைக்குதோ அது டியூரேஷன். அதை கிராங்க் டிகிரியில சொல்லுவாங்க. இன்டேக் மேட்டோட உச்சிக்கும் எக்ஸாஸ்ட் மேட்டோட உச்சிக்கும் நடுவுல இருக்கற கோணம் லோப் செபரேஷன். புகை வால்வ் மூடறதுக்குள்ள காத்து வால்வ் திறந்து, ரெண்டும் சேர்ந்து திறந்திருக்கற நேரம் ஓவர்லாப்.

எல்எஸ்1-ல ஒரே ஒரு கேம்தான், வி-க்கு நடுவுல உக்காந்திருக்கும். இன்டேக், எக்ஸாஸ்ட் மேடெல்லாம் அதே தண்டுல. அதனால செபரேஷன் கடைஞ்சது கடைஞ்சதுதான், பின்னாடி மாத்த முடியாது.

நைட்ரஸ்னா என்ன?

பல பேர் நினைக்கற மாதிரி நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் இல்லை. அது ஆக்சிஜன் மூட்டை. காத்துல எடைக்கு 23 சதவீதம் ஆக்சிஜன், நைட்ரஸ்ல 36 சதவீதம். சுமார் 300 டிகிரி செல்சியஸுல உடைஞ்சு ஆக்சிஜனை விட்டுடும். பாட்டில்ல திரவமா இருந்து ஆவியாகறப்ப உள்ள போற காத்தையும் குளிர வைக்கும். கூடுதல் ஆக்சிஜனுக்கு ஏத்த மாதிரி கூடுதல் பெட்ரோலும் போகணும். பெட்ரோல் குறைஞ்சா நாக்கிங் வந்து பிஸ்டன் உருகிடும்.

இது சினிமாக்காரங்க கண்டுபிடிச்சதும் இல்லை. இரண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் விமானங்கள் உயரத்துல காத்து மெலிஞ்சு போறப்ப இதைத்தான் இஞ்சினுக்குள்ள விட்டாங்க. ஜிஎம்-1னு அதுக்குப் பேர். நம்ம சோழவரம் ரேஸ் டிராக்கும் அந்தப் போர்க்கால விமான ஓடுதளம்தான். போருக்குன்னு செஞ்சது பொழுதுபோக்குக்கு வந்து சேருது பாருங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். நான் தப்பு பண்ணின இடம் இதுதான். பெரிய கேம் எதுக்கு? வெளிக்காத்தை நிறைய இழுக்கறதுக்கு. ஆனா இங்க கூடுதல் ஆக்சிஜன் பாட்டில்ல இருந்து அழுத்தத்தோட வருது, அதை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்ப இஞ்சினுக்குத் திணறல் எங்க? வெளியேத்தறதுல. உள்ள போனதெல்லாம் எரிஞ்சு புகையா வந்தாகணும். புகையோட அளவு கூடிடுச்சு, கதவோ பழைய கதவு. போதாக்குறைக்கு எல்எஸ்1 சிலிண்டர் ஹெட்ல இன்டேக் வழி நல்லா பாயும், எக்ஸாஸ்ட் வழி அந்த அளவுக்குப் பாயாது. கல்யாண மண்டபத்துல பந்திக்கு ஆளை உள்ள விடறது கஷ்டமே இல்லை, சாப்பிட்டு முடிச்சவங்களை வெளிய அனுப்பறதுதான் கஷ்டம்!

பேப்பர்ல போட்ட கணக்கு

முதல் கேம் (நான் சொன்ன பெருசு): இன்டேக் 236, எக்ஸாஸ்ட் 236, செபரேஷன் 108.
ரெண்டாவது கேம்: இன்டேக் 224, எக்ஸாஸ்ட் 236, செபரேஷன் 114.

(டியூரேஷன் எல்லாம் 0.050 இன்ச் லிஃப்ட்ல அளந்தது. கேமை முன்னேயும் பின்னேயும் தள்ளாம நேரா மாட்டினதா வச்சுக்கறேன்.)

ஓவர்லாப் கணக்கு சுலபம். ரெண்டு டியூரேஷனையும் கூட்டிப் பாதியாக்கி, அதுல இருந்து செபரேஷனோட ரெண்டு மடங்கைக் கழிக்கணும்.

முதல் கேம்: 236 - 216 = 20 டிகிரி.
ரெண்டாவது: 230 - 228 = 2 டிகிரி.

இருபது எங்க, ரெண்டு எங்க! நைட்ரஸ் இல்லாத ரேஸ் இஞ்சின்ல ஓவர்லாப் நல்லது. வெளியேறுற புகை, புதுக் காத்தையும் சேர்த்து இழுத்து விடும். நைட்ரஸ்ல காசு கொடுத்து வாங்கின வாயுவும் பெட்ரோலும் எரியாமலேயே சைலன்சர் வழியா ஓடிப்போகும். எக்ஸாஸ்ட்ல அழுத்தம் ஏறினா புகை திரும்பி இன்டேக் பக்கமும் வரும்.

அடுத்து எக்ஸாஸ்ட் வால்வ் எப்ப திறக்குதுன்னு பார்த்தேன். பிஸ்டன் அடிமட்டத்துக்கு வர்றதுக்கு முன்னால, முதல் கேம்ல 46 டிகிரி, ரெண்டாவதுல 52 டிகிரி. அதாவது ரெண்டாவது கேம் 6 டிகிரி முந்தியே கதவைத் திறக்குது. நைட்ரஸ்ல எரிதல் வேகமா முடிஞ்சுடும், வேலையில பெரும்பங்கு பிஸ்டன் மேல் பாதியில இருக்கறப்பவே நடந்துடும். கடைசிக் கொஞ்சத் தள்ளலை விட்டுக் கொடுத்து புகையை முன்னாடியே கிளப்பி விட்டா, மேல ஏறுற பிஸ்டன் அதோட மல்லுக்கட்ட வேண்டாம்.

கடைசியாப் போட்ட கணக்குதான் என்னைத் தூக்கி வாரிப் போட்டது. இன்டேக் வால்வ் மூடற இடம்: முதல் கேம்ல அடிமட்டத்துக்குப் பின்னால 46 டிகிரி. ரெண்டாவதுலயும் அதே 46! உயர் ஆர்.பி.எம்-ல எவ்வளவு காத்து பிடிக்கும்ங்கறதுல முக்கியப் பங்கு இந்த இடத்துக்குத்தான். "பெருசு நிறைய இழுக்கும்"னு அளந்து விட்டேனே, அந்தப் பெருசோட கூடுதல் டிகிரியெல்லாம் ஓவர்லாப்லயே போய் முடிஞ்சிருந்தது.

இன்னொரு விஷயம். சாதாரண கிட் ஒரு வினாடிக்கு ஒரே அளவு நைட்ரஸைத்தான் விடும். 5000 ஆர்.பி.எம்-ல ஒரு வெடிப்புக்குக் கிடைக்கறதைவிட 2500-ல ரெண்டு மடங்கு கிடைக்கும். அதனாலதான் 3000-க்குக் கீழ பட்டனைத் தட்டாதேங்கறாங்க. நைட்ரஸோட உதை நடு ஆர்.பி.எம்-லயே பலமா இருக்கும். பவரை 7000-க்குத் தள்ளற கேம் அதோட சேராது.

பத்து வினாடியும் மிச்ச வாழ்க்கையும்

100 குதிரைத்திறன் ஜெட்டுக்கு 10 வினாடிக்குச் சுமார் ஒரு பவுண்டு நைட்ரஸ் போகும். 10 பவுண்டு பாட்டில்ல ஏழெட்டு ஓட்டம் ஓட்டலாம். நியூ சவுத் வேல்ஸ்ல நைட்ரஸ் இணைச்ச வண்டியைப் பொதுச்சாலையில ஓட்டக்கூடாது. அதனால டிராக்கை விட்டு வந்ததும் அண்ணன் கிட்டைக் கழட்டி கராஜ்ல வச்சுடணும். ஆனா கேம்? அது இஞ்சினுக்குள்ளயேதான் இருக்கும். சிக்னல்ல நிக்கறப்பவும் அதே கேம், அண்ணியையும் குழந்தைகளையும் ஏத்திக்கிட்டு ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போறப்பவும் அதே கேம். ஓவர்லாப் 20 டிகிரின்னா ஐட்லிங்ல வண்டி குலுங்கும். இன்டேக் வேக்குவம் குறையும். பிரேக் பூஸ்டர் அந்த வேக்குவத்தை நம்பித்தான் இருக்கு. மலைச்சரிவுல பெடல் கல்லு மாதிரி ஆனா என்ன பண்றது?

வண்டியும் லேசுப்பட்டது இல்லை. ஹோல்டன் 1969-ல இருந்து மெல்பர்ன் ஃபிஷர்மன்ஸ் பெண்ட்ல சொந்தமா வி8 செஞ்ச கம்பெனி. 1999-ல அதுக்குப் பதிலா வந்ததுதான் இந்த எல்எஸ்1. 2017 அக்டோபர் 20-ம் தேதி எலிசபெத் தொழிற்சாலையை மூடினாங்க, 2020-ல அந்தப் பேருக்கே மூடுவிழா நடத்திட்டாங்க. இருக்கறதைப் பத்திரமா வச்சுக்கணும்.

காலையில முதல் வேலையா கதவைத் தட்டி, பேப்பரை நீட்டினேன். "அண்ணே, நான் நேத்து சொன்னது தப்பு."

பல்லை விளக்கிக்கிட்டே முழுசாப் படிச்சார். "என்ன தம்பி, ராத்திரி பெரிசுதான் நல்லமெண்டீர்?" அப்படின்னார். நான் தலையைச் சொறிஞ்சேன்.

ரெண்டாவது கேம்தான் போட்டார். கேம் சரியா இருந்துட்டா மட்டும் இஞ்சின் பிழைச்சுடாதுங்கறதும் அவருக்குத் தெரியும். 50 குதிரைத்திறனுக்கு ரெண்டு டிகிரிங்கற வழக்கப்படி இக்னிஷன் டைமிங்கைப் பின்னால தள்ளி, குளிர்ச்சியான பிளக் போட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம் பிளக்கைக் கழட்டிப் பார்த்துத்தான் அடுத்ததுக்கு நகர்ந்தார். பிஸ்டன் எட்டும் நலம். போன ஞாயித்துக்கிழமை அதே வண்டியில, கிட் இல்லாம, எல்லாரும் ஹெலன்ஸ்பர்க் போயிட்டு வந்தோம். சிக்னல்ல குலுங்கலை.

வழியில மறுபடியும் மன்னிப்பு கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "பிழை விடுறது பெரிய விசயமில்லைத் தம்பி. நான் ஓடர் குடுக்க முந்தி வந்து சொன்னீர்தானே."

சரி மக்களே, அடுப்புல சாம்பார் கொதிக்குது. வரட்டா?

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் மாருதி 800-ல நைட்ரஸ் மாட்டக் கிளம்பிடாதீங்க, நான் பொறுப்பில்லை. :-)