முதுமையும் மாற்றமும்: பட்டறைப் பொறிகளின் பாதுகாப்புப் பற்றிச் சில குறிப்புகள்

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த 1970–77 காலப்பகுதியில், உதிரிப்பாகம் கிடையாத பொறிகளை ஓடவைத்தவன் பட்டறைத் தொழிலாளியே. 1990களின் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஊர்திகள் ஓடியதும் அவனது கைத்திறனாலேயே. அத்திறனைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின், ஓடுகின்ற பொறியெல்லாம் பாதுகாப்பான பொறியே எனக் கொள்ளும் மனப்பாங்கும் அக்காலங்களிலேயே வலுப்பெற்றதெனலாம். அதனையே ஈண்டு ஆராய்கின்றோம்.

உலோகம் வயதினால் மட்டும் நலிவதில்லை. மாறிமாறி வரும் சுமையினால் நலிகின்றது. புகைவண்டி அச்சுகள், ஒருமுறை ஏற்றினால் எளிதில் தாங்கவல்ல சுமையே பன்முறை திரும்பத் திரும்ப வரும்போது முறிவதை ஜேர்மனியரான வேலர் 19ஆம் நூற்றாண்டிற் பரிசோதனைகள் மூலம் காட்டினார். உலோகக் களைப்பு எனப்படும் இது, கூரிய மூலைகளிலும் உருக்கி ஒட்டிய இடங்களின் விளிம்பிலும் மயிரிழை வெடிப்பாகத் தொடங்கி, வெளித்தெரியாது வளரும். 'நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது' என்ற வாதம் இங்கு செல்லாது. நேற்றைய ஓட்டமே இன்றைய முறிவை வளர்த்தது.

1905 மார்ச் 20இல் அமெரிக்காவின் புறொக்ரன் நகரிற் சப்பாத்துத் தொழிற்சாலையொன்றின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். அன்று இயங்கியது, துணைக்கென வைத்திருந்த பழைய கொதிகலன். தகடுகள் ஒன்றன்மேலொன்று படிந்த பொருத்தினுள் வெடிப்பு மறைந்திருந்தது. வெளியே நின்று நோக்குபவர்க்கு அது புலப்படுவதில்லை. மசசூசெற்ஸ் மாநிலம் கொதிகலன் விதிகளுக்கு வழிசெய்யும் சட்டத்தை 1907இல் இயற்றியது இத்தனை உயிர்கள் போன பின்னரே.

மாற்றியமைத்த பொறியின் ஆபத்து வேறுவகையானது. 200 மி.மீ. விட்டமுள்ள சாணைச் சில்லு நிமிடத்துக்கு 2,850 முறை சுழலும்போது அதன் விளிம்பு வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர். வேலை விரைவாக முடியவேண்டுமெனக் கப்பியை மாற்றிச் சுழற்சியை ஒன்றரை மடங்காக்கினால் விளிம்பு வேகம் 45 மீற்றராகும். ஆனால் சில்லினுள் எழும் தகைப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலால், அது இரண்டேகால் மடங்காகும். சில்லிற் பொறித்துள்ள உச்ச வேகத்தை வாசிப்போர் எத்தனை பேர்? பெரிய சில்லைப் பொருத்துவதற்குக் காப்புறை இடைஞ்சலாயின் அதனைக் கழற்றி மூலையில் எறிவதையும் காண்கின்றோம்.

உழவு இயந்திரத்தில் இழுவைக் கொளுவியை உயர்த்திப் பொருத்துவதும் இத்தகையதே. இழுவிசை பின்னச்சுக்கு மேலாகச் செயற்படின் முன்பக்கம் எழும்பும். சாரதி நிலைமையை உணருமுன்னரே இயந்திரம் அவன்மேற் கவிழ்ந்துவிடும். சுவீடன் 1959 முதல் புதிய உழவு இயந்திரங்களுக்குக் காப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது; பின்னர் பழையவற்றுக்கும் அது விரிவாக்கப்பட்டது. கவிழ்வினால் நேரும் மரணங்கள் அங்கு பெரிதும் அருகின. சாரதிகளுக்கு அறிவுரை கூறியதால் மட்டும் நேர்ந்ததன்று இது.

நம் நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பொறிகளுக்கு வேலியிடுதலை வலியுறுத்துகின்றது. எனினும், துண்டுக்கணக்கிற் கூலி பெறுபவனுக்குக் காப்புறை வருவாயைக் குறைக்கும் தடையாகவே தோன்றும். விபத்து நேர்ந்தபின் 'கவனயீனம்' என எழுதிவிடுவது முதலாளிக்கு எளிது. கப்பியை மாற்றச் சொன்னவர் யாரென எவரும் கேட்பதில்லை.

இன்னொன்று. பட்டி பூட்டி ஓட்டிய பழைய கடைச்சற் பொறிகளுக்குப் பின்னாளில் தனி மோட்டர் பூட்டி, வீட்டு விளக்குக்குரிய ஆளியையே பொருத்திவிடுவதுண்டு. மின்சாரம் நின்றால் தானே விடுபடும் ஆளி அதுவன்று. 2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியது. அத்தகைய இருட்டில், ஆளியை அணைக்க மறந்து பொறியின் கவ்விக்குள் கைவைத்துத் துப்புரவு செய்பவன், மின்சாரம் எக்கணம் திரும்பும் என்பதை அறியான்.