கல்லீரலின் ஜிஎஸ்டி: பாராசிட்டமால் உள்ளே போனதும் என்ன நடக்குது?

ஒரு நேயர் கேட்டிருந்தார்: "பாராசிட்டமால் பாதுகாப்பானதுன்னு சொல்றாங்க, அதே மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும்னும் சொல்றாங்க. எதை நம்புறது?" ரெண்டுமே உண்மைதான். எப்படின்னு புரிய, ஒரு நொதியைத் தெரிஞ்சுக்கணும். பேரு ஜிஎஸ்டி. வரி இல்லைங்க! குளுட்டாதயோன் எஸ் டிரான்ஸ்ஃபரேஸ்.

1961-ல் பூத், பாய்லண்ட், சிம்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் எலியின் கல்லீரலில் இதைக் கண்டறிந்தார்கள். நம்ம கல்லீரல்லயும் இது நிறைய இருக்கு. ஒரே நொதி இல்லை, ஒரு குடும்பம்.

நாம முழுங்குற பாராசிட்டமால்ல பெரும்பகுதியைக் கல்லீரல் எந்த வம்பும் இல்லாம கரையக்கூடிய பொருளா மாத்தி, சிறுநீர்ல அனுப்பிடும். ஒரு சின்னப் பங்கு மட்டும் சைட்டோகுரோம் பி450 என்ற வேற நொதிகள் கையில சிக்கி, 'நாப்க்வி' என்ற முரட்டுப் பொருளா மாறும். அது பக்கத்துல இருக்குற செல்லின் புரதங்களில் போய் ஒட்டிக்கொண்டு, அவற்றின் வேலையைக் கெடுக்கும்.

அதைத் தடுப்பது குளுட்டாதயோன். மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சின்ன மூலக்கூறு. அதில் உள்ள கந்தகம் நாப்க்வியைப் பிடித்துக்கொள்ளும். இது தானாகவும் நடக்கும். ஜிஎஸ்டி இருந்தால் இன்னும் வேகமாக நடக்கும். பிடிபட்ட நஞ்சு பித்தநீர், சிறுநீர் வழியா வெளியேறிவிடும்.

இங்கேதான் சிக்கல். ஒவ்வொரு நாப்க்விக்கும் ஒரு குளுட்டாதயோன் செலவாகுது. நொதி தேயாது, மறுபடி மறுபடி வேலை செய்யும். ஆனா கையிருப்பு தீர்ந்துட்டா அது எதை வெச்சு வேலை செய்யும்? அளவுக்கு மீறி மாத்திரை போட்டா நடப்பது இதுதான். சரியா சாப்பிடாதவங்களுக்கும், தொடர்ந்து மது குடிக்கிறவங்களுக்கும் கையிருப்பு ஏற்கெனவே குறைவா இருக்கும்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்சவரம்பு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆயிடுது. சளி, காய்ச்சலுக்கான பல கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கு. அதனால அட்டையின் பின்பக்கத்தைப் படிச்சுட்டுப் போடுங்க.

அளவு மீறிட்டா, "ஒண்ணும் பண்ணலையே"ன்னு வீட்டுல உட்கார்ந்திருக்கக் கூடாது. முதல் நாள் பெருசா எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். கல்லீரல் பாதிப்பு அடுத்தடுத்த நாட்களில்தான் வெளியே தெரியும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கு. குளுட்டாதயோன் செய்யத் தேவையான சிஸ்டீனை அது கொடுக்கிறது. 8 மணி நேரத்துக்குள் கிடைத்தால் பெரும்பாலும் கல்லீரலைக் காப்பாத்திடலாம். அதனால உடனே மருத்துவமனைக்குப் போங்க, மாத்திரை அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.